பானைக் கூரையும் காக்காக் குளியலும்

எழுபத்துநாலாம் வருஷம். ஊரே மின்வெட்டில் புழுங்கிக்கொண்டிருந்தபோது, ஃபேனே வேண்டாத பெண்கள் விடுதி ஒன்று தாம்பரத்தில் எழும்பியது. வரைந்து கொடுத்தவர் பேராசிரியர் தோத்தாத்ரி. கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்புத் தளம் போட்டிருந்தார். அங்கே குடியிருப்பது எப்படி இருக்கிறது என்பதுதான் ஞானஜோதியின் டாக்டர் பட்ட ஆராய்ச்சி. அவளுக்கு வழிகாட்டி யார் என்கிறீர்கள்? அதே தோத்தாத்ரி! பெற்ற பிள்ளைக்கு அப்பனே மார்க் போடுகிற கதைதான். நமக்கெதற்கு வம்பு.

விடுதி நிர்வாகம் தெளிவாகச் சொல்லியிருந்தது. அறை சூடு என்று ஞானஜோதி எழுதினால் ஃபேன் மாட்டுவார்கள். குளிர்ச்சி என்று எழுதினால் ஃபேன் கிடையாது. இதே மாதிரி இன்னும் விடுதிகள் வரும்.

பங்குனி முழுக்க அவள் பல்லாவரத்தில் ரயிலேறி மதியம் வந்து இறங்குவாள். வெளியே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். அறைக்குள் நுழைந்தால் அப்படி ஒரு குளுமை! அறைக்கு அறை மாட்டியிருந்த வெப்பமானிகள் சமர்த்தாக இறங்கியே நின்றன. எல்லா அறையிலும் பவுடர் வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கல். வயசுப் பெண்கள், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேனோன்னோ?" என்று தோத்தாத்ரிக்குத் தலைகால் புரியவில்லை. வைகாசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். நாலு வருஷ உழைப்பு கரையேறப்போகிறது என்று ஞானஜோதிக்கும் உச்சி குளிர்ந்தது.

ஒருநாள் நூலகம் பூட்டியிருந்ததால் காலையிலேயே வந்துவிட்டாள். விடுதி வாசலில் ஈ காக்கை இல்லை. மாடிப்படியில் மட்டும் ஏதோ கலகலப்பு. எட்டிப் பார்த்தால், கிணற்றடியிலிருந்து மொட்டைமாடிவரை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். வாளிகள் கைமாறி மேலே போகின்றன. உச்சிப் படியில் நின்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள் தபீதாள், விடுதியிலேயே வாயாடி.

"சீக்கிரம்டி! அக்கா வர்றதுக்குள்ள தளம் நனையணும்!"

ஞானஜோதி படியடிக்கு ஓடினாள். "என்னடி பண்றீங்க?"

தபீதாள் கையிலிருந்த வாளி நழுவிப் படிப்படியாக உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது.

"வந்து... தினம் ஊத்துறோம்க்கா. ஜன்னலுக்கெல்லாம் ஈரத் தாவணி கட்டுவோம். நீங்க வர்ற நேரத்துக்கு அவுத்துடுவோம்."

"கிணத்துல தண்ணி அடியில கிடக்கே, ஏதுடி இவ்வளவு?"

"குளிக்கிற தண்ணிதான்க்கா," என்றாள் பக்கத்தில் நின்ற சாவித்ரி. "நாங்க காக்காக் குளியல் போட்டுட்டு பவுடர் பூசிக்கிறோம்."

"சும்மா இருந்திருந்தா உங்களுக்கு ஃபேன் வந்திருக்குமே, பைத்தியங்களா!"

"ஃபேன் எப்ப வேணா வரும்க்கா. சூடு ஏறினா நீங்க ஃபெயிலாயிடுவீங்களே," என்றாள் தபீதாள். மற்ற பெண்களும் தலையை ஆட்டினார்கள்.

ஞானஜோதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கூடப் பிறந்தவர்கள்கூட இவ்வளவு செய்யமாட்டார்கள். ஆனால் ஒரு பருவத்து வேலை அத்தனையும் பாழ்.

"அடி மக்குங்களா! சூடா இருந்தா சூடுன்னு எழுதினாலும் பட்டம் உண்டுடி!"

வாளிகள் ஒவ்வொன்றாகப் படியில் இறங்கி உட்கார்ந்தன.

"ஐயையோ," என்றாள் சாவித்ரி. "அப்போ நாங்க ஒழுங்கா குளிச்சிருக்கலாமா?"

வாயை மூடிக்கொண்டால் வைகாசியில் வேலை முடிந்துவிடும்; கேட்பாரில்லை. ஆனால் இந்தக் கணக்கை நம்பி அடுத்த விடுதியைக் கட்டுவார்களே? அங்கே வேகப்போகிற பெண்களுக்கு யார் பதில் சொல்வது? அவளுக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் தோத்தாத்ரியைக் கையோடு கூட்டிவந்து, சொட்டுத் தண்ணீர் ஊற்றாத அறையில் உட்காரவைத்தாள்.

கொஞ்ச நேரம் அவர் பானைக் கூரையின் பெருமை பேசினார். பிறகு அங்கவஸ்திரத்தால் முகம் துடைத்தார். அப்புறம் கழுத்தை. கடைசியில், "ஏம்மா, விசிறி ஏதாவது இருக்கா?" என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போனது. அதற்குள் தபீதாள் சும்மா இராமல் பட்டாளத்தோடு மாடியேறி, வாளி வாளியாகக் கவிழ்த்துவிட்டாள். அறை மெல்ல மெல்ல ஆறியது.

"சார், குடியிருக்கிறதைப் பத்தித்தானே என் ஆராய்ச்சி?" என்றாள் ஞானஜோதி. "கூரை பண்ணினது பாதி, இவங்க பண்ணினது பாதி. ரெண்டையும் தனித்தனியா அளந்து எழுதறேன். இன்னொரு கோடை ஆகும்."

தோத்தாத்ரி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதும்மா," என்றார் பெருமூச்சுடன். "எனக்கும் அது தெரியணும்."

அடுத்த கோடையில் ஊற்றியும் ஊற்றாமலும் அளந்தாள். அதற்கடுத்த பங்குனியில் டாக்டர் ஞானஜோதி ஆனாள். அவள் எழுதியதைப் படித்துவிட்டு நிர்வாகம் ஃபேன் மாட்டியது. இனிப்புப் பொட்டலத்தோடு அவள் விடுதிக்குள் நுழையவும், தபீதாள் எல்லார் முன்னாலும் சுவிட்சைப் போட்டாள். ஃபேன் ஆடம்பரமாக ரெண்டு சுற்றுச் சுற்றி நின்றுபோனது. மின்வெட்டு!

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என்னடி பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று டாக்டர் ஞானஜோதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எடுங்கடி வாளியை!"