மூன்றாம் மாடியில் மக்கரோன்

கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்கு வெள்ளைக்கரு நுரைத்து நின்றபோது, அர்மெலுக்குத் தன் கையையே நம்ப முடியவில்லை. முப்பத்தொரு வருஷம் நான்த் நகரத்தில் டிராம் ஓட்டிய கை அது. ஆம்லெட்டுக்கு உடைத்ததைத் தவிர முட்டையோடு அதற்கு வேறு சகவாசம் இருந்ததில்லை.

வாய்தான் மாட்டிவிட்டது. கீழ்வீட்டு கிஸ்லேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி பிரெஸ்த் ஊரில் மகள் வீட்டோடு போய்விடப் போவதாகப் போன வாரம் மாடிப்படியில் சொன்னாள். பதினோரு வருஷமாக அதே படியில் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன், "போறதுக்கு முன்னாடி சனிக்கிழமை நாலு மணிக்குக் காபிக்கு வாங்க. நான் நல்லா மக்கரோன் பிஸ்கட் போடுவேன்" என்று சொல்லிவிட்டான். "நீங்களா!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே அவன் ஒரு வாரத்தைக் கழித்தான்.

இப்போது சனிக்கிழமை மதியம். வெளியே மழை, அவசரமில்லாமல், யாரோ யோசித்து யோசித்துப் பேசுவதைப் போலப் பெய்துகொண்டிருந்தது. பாதாம் மாவையும் பொடித்த சர்க்கரையையும் நுரையில் கலந்து, தட்டில் ரோஜா நிற வட்டங்களாகப் பிழிந்தான். தட்டைத் தூக்கி மேடையில் நாலு முறை அடித்தான்.

கதவு தட்டப்பட்டது. வீட்டுச் செருப்போடு கிஸ்லேன்.

"என்ன, ஆணி அடிக்கிறீங்களா? என் பெட்டி மேல சுண்ணாம்பு கொட்டுது."

"மக்கரோனுங்க. உள்ள இருக்கிற காத்து வெளிய வரணும்னா தட்டை அடிக்கணுமாம்."

"அப்படியா? யாரு சொன்னா?"

"புஸ்தகம்தான்."

"நல்லா போடுவேன்னீங்க?"

"இன்னிக்குத்தான் முதல் தடவை" என்றான். முழங்கை வரை ரோஜா நிறம்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, நாலு மணி ஆகவில்லையே என்றுகூடச் சொல்லாமல் உள்ளே வந்தாள்.

முதல் தட்டு மேற்புறம் காயாமலே ஓவனுக்குள் போய், எல்லாம் வெடித்து வந்தது. "எரிமலை!" என்று சொல்லி அவள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது தட்டின் மேல் ஏடு கட்டும்வரை காத்திருந்தார்கள். ஓவன் முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால், பன்னிரண்டு வட்டங்களும் ஒரே மூச்சில், அடியில் சின்னச் சரிகை விளிம்பு கட்டி, எழும்பின. அவள் தன்னையறியாமல் அவன் சட்டைக்கையைப் பிடித்தாள்.

நடுவே ராஸ்பெர்ரி ஜாம் வைத்து, இரண்டிரண்டாக ஒட்டினான்.

"ஒரு நாள் ஃபிரிட்ஜ்ல இருக்கணும். நாளைக்குச் சாயங்காலம்தான் ருசி கூடும்" என்று சொன்ன பிறகுதான், சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

"காலையில எட்டு மணிக்கு எனக்கு வண்டி, அர்மெல்." அவன் பெயரை அவள் சொல்வது இதுதான் முதல் தடவை.

"அதுக்கப்புறமும் வண்டி இருக்கு. பத்தேகாலுக்கு ஒண்ணு, ரெண்டு மணிக்கு ஒண்ணு. திங்கக்கிழமையும் இருக்கு..."

"எத்தனை வண்டி சொல்லப் போறீங்க?"

"நீங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

அவள் நிறுத்தச் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். பாலையும் கடுகுச் சாந்தையும் நகர்த்தி நடுத்தட்டில் இடம் செய்து வைத்தாள். கதவை மூடாமல் அங்கேயே நின்றாள். மழை நாளின் மங்கலில், அந்த வெளிர் வெளிச்சம் அவள் முகத்தில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.