ஓர் எழுத்துத் திருத்தம்

பேருந்தின் முன் இருக்கையில் இருந்தவர் கைப்பேசியை மனைவியிடம் நீட்டி, "அடப்பாவமே, வக்கீல் மாமா போயிட்டாராம்" என்றார்.

பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு அது உடனே உறைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் மேடையில் வக்கீல் வேஷம் போட்டு ஊரைச் சிரிக்க வைத்த அவளுடைய அப்பாவைத்தான் எல்லோரும் வக்கீல் மாமா என்பார்கள். காலையில்தான் குழாய் சொட்டுகிறது, யாருக்கும் அக்கறையில்லை என்று அவளோடு மல்லுக்கட்டியிருந்தார்.

அவளுடைய கைப்பேசியும் அதிர்ந்தது. 'மூத்த நகைச்சுவை நடிகர் வக்கீல் மாமா காலமானார்.' அனுப்பியது அவள் வேலை பார்க்கும் பத்திரிகை. அதன் இணையதளத்துக்கு வேண்டிய புரோகிராம்களை எழுதுவது அவள்தான். வேறெங்கு வந்திருந்தாலும் வதந்தி என்று தள்ளியிருப்பாள். நான்கு பேரிடம் விசாரிக்காமல் ஒருவரையும் சாகவிடாத ஆட்கள் அவளுடைய அலுவலகத்தில் இருந்தார்கள்.

அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா பள்ளிக்கூட ஆசிரியை, வகுப்பு நேரத்தில் போனை எடுக்க மாட்டாள். கடைசியில் அலுவலகத்தில் துணை ஆசிரியரைப் பிடித்தாள்.

"என்னத்தம்மா சொல்றது... மனசத் தேத்திக்கோங்க" என்றார் அவர்.

"உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"நீங்கதான் வீட்லேர்ந்து போட்டிருப்பீங்கன்னு நாங்க நினைச்சோம்."

அதை யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு ஓடினாள்.

வாசலில் கீழ்வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். எதிர் மருந்துக்கடைக்காரர் அருகில் வந்து மெதுவாக, "எத்தனை மணிக்கும்மா எடுக்குறீங்க?" என்று கேட்டார்.

"அப்பா எங்க?"

"அது உங்களுக்குத்தானேம்மா தெரியும்?"

கதவு பூட்டியிருந்தது. எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரோ, கூட யாராவது இருந்தார்களோ. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது தெருமுனையில், ஒரு கன்னத்தைக் கையால் தாங்கியபடி அப்பா நடந்து வந்தார்.

நாற்காலிகளைப் பார்த்ததும் பதறிப்போய், "யாதுக்கு என்னாத்து?" என்றார். பல் பிடுங்க மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தார்கள். நாக்கு அவர் சொன்னபடி கேட்கவில்லை.

கீழ்வீட்டுக்காரர் கையிலிருந்த நாற்காலி விழுந்தது. அவள் ஓடிப்போய் அப்பாவின் முகத்தைப் பிடித்தாள். அவர் வலியில் அலறினார். அந்த அலறலைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. விஷயம் தெரிந்ததும் அவர் சட்டைப்பையில் ஊமையாகக் கிடந்த போனை எடுத்து மனைவியை அழைத்தார். இந்த முறை எடுத்தாள். "நாந்தான், உயிதோத இதுக்கேன்!" என்று கத்தினார். அந்தப் பக்கம் யாரோ வாய்விட்டு அழுகிறார்கள் என்று நினைத்து, அம்மாவும் ஓவென்று அழுது போனை வைத்துவிட்டாள்.

நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை, அப்படியானால் யார்? கேட்டுக்கொண்ட மாத்திரத்தில் மகளுக்கு நேற்றுச் செய்த மாற்றம் நினைவுக்கு வந்தது.

அலுவலகக் கணினியில் அவள் எழுதிய புரோகிராம் ஒன்று இருந்தது. செய்தி ஃபோல்டரை அது ஓயாமல் கண்காணிக்கும். அதில் ஒரு ஃபைல் புதிதாக வந்தாலோ, இருக்கும் ஃபைலில் ஏதாவது மாறினாலோ, உடனே தளத்தில் ஏற்றி வாசகர்களுக்குத் தகவலும் அனுப்பிவிடும். உள்ளே இருக்கும் விளையாட்டு ஃபோல்டரை அது பார்ப்பதில்லை என்று புகார் வரவே, உள்ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்படி நேற்றுதான் மாற்றியிருந்தாள்.

துணை ஆசிரியரை மறுபடி அழைத்தாள். "சார், இன்னைக்கு எங்கப்பா பேர்ல எதாவது ஃபைலத் திறந்தீங்களா?"

"தப்பா நினைக்காதீங்கம்மா. வயசான பிரபலங்களுக்கெல்லாம் இரங்கல் குறிப்பு முன்னாடியே எழுதி வச்சிருப்போம். நகைச்சுவைல ஒரு 'ச்' விட்டுப்போயிருந்துச்சு. போட்டு சேவ் பண்ணேன். அவ்வளவுதான்."

செய்தி ஃபோல்டருக்குள் அப்படியொரு ஃபோல்டர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தினமும் கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள் அவளுடைய அப்பாவின் சாவை எழுதி, தயாராக வைத்திருக்கிறார்கள்.

"சார், எதையும் தொடாதீங்க!"

"இல்லம்மா, பத்திரமா இருக்கட்டும்னு இப்பதான் மொத்தத்தையும் வெளியில இருக்கிற செய்தி ஃபோல்டருக்கே எடுத்து..."

காதோடு இருந்த போன் அதிர்ந்தது. ஒரு பாடகி காலமானார். மறுபடி அதிர்ந்தது. கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன். மறுபடி. வாசலில் நின்றவர்களின் போன்களும் ஒவ்வொன்றாகச் சிணுங்கின. "ஐயையோ, இவருமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பிளக்கப் பிடுங்குங்க சார்! ஜன்னலோரம் இருக்கிற கறுப்புப் பெட்டி! பிடுங்குங்க!"

நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. அதற்குள் கடைசியாக ஒன்று வந்துவிட்டது. பத்திரிகையின் ஆசிரியர் காலமானார். போனின் பின்னணியில் அவருடைய குரலே கேட்டது. "யாருய்யா என்னைக் கொன்னது?"

அவள் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது எல்லாத் தொலைபேசிகளும் அடித்துக்கொண்டிருந்தன. பாடகியின் தங்கை செய்தியைப் பார்த்து மயங்கி விழவே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். சாயங்காலம் கண் திறந்துவிட்டார் என்று தெரியும்வரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆசிரியர் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. "நாளைக்கு நாம எழுதுறத எவன் நம்புவான்?" என்று மட்டும் கேட்டார். இரங்கல் குறிப்புகளை வேறு கணினிக்கு மாற்றினாள். இனி ஓர் ஆள் பார்த்துப் பட்டனை அழுத்தாமல் எதுவும் வெளியே போகாதபடி செய்தாள். பாடகியின் வீட்டுக்கு நேரில் போனாள். கதவைத் திறந்தது அந்தப் பாடகியேதான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள் அழுதுவிட்டாள். அந்த அம்மாள்தான் அவளை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார்.

வீடு திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. அம்மா மட்டும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தாள். வந்ததிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்றார் கீழ்வீட்டுக்காரர்.

"அம்மா, உள்ள வாம்மா."

"நீ நம்பிட்டியாடி?"

"நம்பிட்டேம்மா."

"நானுந்தான்." அம்மா அவளைப் பார்க்காமலே பேசினாள். "கார்ல வர்ற வழியெல்லாம் நான் என்ன யோசிச்சேன் தெரியுமா? யார் யாருக்குச் சொல்லணும், அவர் சட்டையெல்லாம் யாருக்குக் குடுக்கணும்னு. அழுதுகிட்டேதான் யோசிச்சேன். ஆனா யோசிச்சேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்துட்டு, எப்படிடி அவ்வளவு சீக்கிரம் அதெல்லாம் தோணுச்சு எனக்கு?"

மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்றிருந்தது.

அப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நாக்கு இப்போது திருந்தியிருந்தது.

"அந்த நீலச் சட்டைய மட்டும் யாருக்கும் குடுத்துடாத" என்றார்.

அம்மா கைப்பையைத் தூக்கி அவர்மேல் எறிந்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.