பிறேமுக்குள் இரண்டாவது படம்

இரண்டு நாள் லீவு முடிந்து பவளராணி வேலைக்கு வந்தபோது, பதினான்காம் அறையின் யன்னல் திறந்து கிடந்தது. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்துப் பெப்ரவரிக் குளிரில் முதியோர் இல்லத்தில் யாரும் சும்மா யன்னல் திறப்பதில்லை. உயிர் போனால்தான் திறப்பார்கள். சைக்கிள் கையுறையைக் கழற்றாமலே வாசலில் நின்றுவிட்டாள்.

"மோன்ஸ் நேற்றுப் பின்னேரம் அக்கா. நித்திரையிலயே போயிட்டார்," என்றாள் கூட வேலை செய்யும் கிருசாந்தி. "பத்து மணிக்குச் சவப்பெட்டி வருது. பெறாமகன் வந்து சாமான் அடுக்கிறார்."

பவளராணி கட்டிலைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தாள். மோன்ஸின் படம் போட்டு மாட்டியிருந்த பிறேம் அங்கே இல்லை.

மோன்ஸுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. ஐம்பதுகளில் டென்மார்க் பெண்கள் அவருடைய படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தார்களாம், அப்பேர்ப்பட்ட நடிகர். சுவரில் இருந்தது, மோதிரக் கையை நீட்டிச் சிரிக்கும் ஒரு நடிகையோடு அவர் நிற்கும் படம். சினிமாக் கொம்பனி, இருவருக்கும் கலியாணம் என்று பத்திரிகைகளில் காட்ட எடுப்பித்தது. கலியாணம் நடக்கவே இல்லை. படம் எடுத்தவர் பெயர் ஏகோன். அதே பிறேமுக்குள், அந்தப் படத்துக்குப் பின்னால், இன்னொன்று இருந்தது. ஏகோன் கமராவைத் தானாக அடிக்கவைத்துவிட்டு ஓடிவந்து மோன்ஸின் தோளில் தலை சாய்த்த படம். இருவருக்கும் கண் மூடியிருந்தது. கண் மூடிய படத்தை எந்தப் படக்காரனும் எறிந்துவிடுவான், ஏகோன் எறியவில்லை.

மோன்ஸ் அதை முதலில் காட்டியபோது பவளராணி சிலுவை போட்டாள். இரண்டு நாள் அவர் முகத்தைப் பாராமலே கஞ்சி கொடுத்தாள். மன்னாரில் மாதா படத்துக்குக் கீழே வளர்ந்தவள், வேறென்ன செய்வாள்? மூன்றாம் நாள் சட்டைப் பொத்தான் பூட்டும்போது அவர் கேட்டார்: "நான் செத்தால் அதை என் சட்டைப்பையில் வைப்பாயா? ஒருவருக்கும் தெரியக்கூடாது." எழுபது வருசம் ஒளித்த மனிதன், சாவிலும் ஒளிக்கத்தான் உதவி கேட்கிறார். ஓம், வைப்பேன் என்று அவள் தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

பிறேம் இப்போது பெறாமகன், மோன்ஸின் சகோதரரின் பிள்ளை ஹென்றிக்கின் சாமான் பெட்டிக்கு மேலே இருந்தது. நல்ல மனுசன், குரல் உயர்த்தத் தெரியாதவன். பழைய நடிகர்களின் படங்களைக் கண்காட்சி வைக்கிறார்களாம், இதை இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறானாம்.

"தூசு துடைத்துத் தருகிறேன்," என்று டேனிஷில் சொல்லி எடுத்தாள். பின்பக்கத்தில் பலகையைப் பிடித்திருந்த நாலு கொளுவிகள் விரலில் தட்டுப்பட்டன. ஒன்றைத் தள்ளினாள். ஹென்றிக் அசையாமல் பக்கத்திலேயே நின்றான். ஐயோ, ஒரு நிமிசம் வெளியே போனால் என்ன, மனுசா!

"இதை அவரோடு வைக்கட்டுமா? கேட்டிருந்தார்," என்றாள்.

ஹென்றிக்கின் கண் நிறைந்தது. "கடைசிவரை அவளை மறக்கவில்லை, என்ன?"

பின்னால் இன்னொரு படம் என்று ஒரு சொல் சொன்னால் இவன் பார்த்துவிடுவான். சொல்லாவிட்டால் நாளைக்குக் கண்காட்சிக்காரன் கழற்றிப் பார்ப்பான். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கிழவருக்குத்தான் அடி.

ஹென்றிக் பிறேமை மெதுவாக வாங்கிக்கொண்டான். சாமான் பெட்டியைக் கிளறி ஒரு தபாலட்டை எடுத்தான். அதே மோதிரம், அதே சிரிப்பு, கொம்பனி அச்சடித்து விற்றது. "இது போதும்தானே?" என்று தன் கையாலேயே மோன்ஸின் சட்டைப்பையில் வைத்து, மேலே தட்டிவிட்டான். அவளுக்கு நன்றியும் சொன்னான்.

சவப்பெட்டியை வெளியே கொண்டுபோகும்போது, இல்லத்து வழக்கப்படி எல்லோரும் பாடினார்கள். பவளராணி வாயை மட்டும் அசைத்தாள்.

"நல்ல காரியம் செய்தீங்கள் அக்கா," என்றாள் கிருசாந்தி கண்ணைத் துடைத்தபடி. "ஆள் தான் விரும்பின மனுசியோட போறார்."

பவளராணி தலையாட்டினாள்.

ஹென்றிக் பிறேமைக் காரின் முன் சீற்றில் இருத்தி, பிள்ளைக்குப் போடுவதுபோல் பெல்ட் போட்டான். அரைக்கம்பத்துக் கொடிக்குக் கீழால் சவப்பெட்டி வண்டியும் காரும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. சந்தியில் பெட்டி வண்டி வலப்பக்கம் திரும்பியது. கார், சிக்னலைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் நின்று, இடப்பக்கம் போனது.