கடைசி வண்டிக்கு யார் நிற்பது

வண்டிச் சீட்டு தைக்கும் அக்காவின் கடைக்கு வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை. பழைய ரெக்சினை உரித்து, ஃபோமை அளவு பார்த்து வெட்டி, புதுசை இழுத்து அடிக்கும் வரை சும்மா இருக்க மோட்டார் சைக்கிள்காரனால் முடியாது. ஏறின மலை, திரும்பின வளைவு, மயிரிழையில் தப்பின லாரி என்று அவிழ்த்துவிடுவான். அக்கா பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு மீதியைத் தையல் மிஷின் சத்தத்தில் விட்டுவிடுவாள்.

அன்றைக்குக் கேப்டன் சொன்னது மட்டும் முழுசாகக் காதில் விழுந்தது. கேப்டன் என்பது பட்டப்பெயர்; ஆள் மருந்துக்கடைக்காரர். வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போகும் அவர்களுடைய சின்னக் கூட்டத்துக்குத் தானே தலைவர் என்று தானே முடிவு செய்துகொண்டவர். இந்த வருஷப் பயணத்துக்காகச் சீட்டை மெத்தென்று ஆக்கித் தரச் சொல்லி வந்திருந்தார்.

"போன வருஷம் அந்த உச்சிக்கு ஏறினேன் பாருங்க. கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே மூச்சு. கால் தரையில படவே இல்ல."

அக்காவின் கத்தி ஃபோமுக்குள் பாதியில் நின்றது.

"எங்கயுமே நிக்கலையா?"

"நின்னா அந்த போட்டோ கிடைச்சிருக்குமா? நான் மேல போய்ச் சேரவும் சூரியன் இறங்கவும் சரியா இருந்துச்சு."

சொல்லிவிட்டுப் போனில் அந்தப் போட்டோவைத் தேடி எடுத்துக் காட்டினார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. பெருமை பேசுகிறவனுக்கு ஞாபகசக்தி குறைவு. அக்கா போட்டோவைப் பார்த்து, நல்லாயிருக்கு என்றாள். அவளுக்கு உள்ளே பற்றி எரிந்தது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். அகலமான ரோட்டை விட்டுத் திரும்புகிற பிரிவில், முன்னால் போகிறவர் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, பின்னால் வருகிறவரின் முகப்பு விளக்கு தெரியும் வரை காத்திருக்க வேண்டும். கையைக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். அங்கே ஆள் நிற்கவில்லை என்றால் திரும்ப வேண்டாம், அகலமான ரோட்டிலேயே போ என்று அர்த்தம். மலையில் போன் எடுக்காது. நிற்கிற ஆளும் அடையாளம், நிற்காத ஆளும் அடையாளம்.

போன வருஷம் கேப்டனுக்குப் பின்னால், கடைசியாகப் போனவன் அக்காவின் தம்பி. பேக்கரியில் வேலை. ரோடு பிரிகிற இடத்தில் ஆள் இல்லை, அகலமான ரோட்டில் போனான். அது கொஞ்ச தூரத்தில் வெறும் சரளையாகி, வண்டி வழுக்கி, வலது மணிக்கட்டு நொறுங்கியது. விறகு ஏற்ற வந்த ஒரு லாரிக்காரர் கண்ணில் படும் வரை வண்டிக்கு அடியிலேயே கிடந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேப்டன் எல்லோரிடமும் சொன்னார். "நான் நின்னேன். கையும் காட்டினேன். பாவம், பேக்கரிக்காரன், விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கிறவன். தூங்கி வழிஞ்சிட்டான் போல."

எல்லோரும் நம்பினார்கள். அக்காவும் நம்பினாள். அதைவிடக் கொடுமை, தம்பியே நம்பிவிட்டான். கை கூடிவிட்டது, டாக்டர் தாராளமாக வண்டி ஓட்டலாம் என்றுவிட்டார். ஆனால் அவன் வண்டியைத் தொடவில்லை. பேக்கரியில் அடுப்புப் பக்கம் தனியாக நிற்கப் பயந்து, கல்லாவுக்கு மாற்றிக் கேட்டுக்கொண்டான். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற வியாதி தனக்கு இருக்கிறது என்று அவனுக்கு எண்ணம். சாப்பிடும்போது திடீரென்று தலையைத் தூக்கி, "இப்ப நான் கண்ணசந்தேனா அக்கா?" என்று கேட்பான். சோற்றில் கை வைத்தபடி அவன் அப்படிக் கேட்கும்போதெல்லாம் அக்கா இன்னும் ஒரு கரண்டி சோற்றை அவன் தட்டில் வைப்பாள்.

இப்போது தெரிந்துவிட்டது. இதைத் தம்பியிடம் சொல்லிப் பார்த்தாள். "அவர் சும்மா பந்தாவுக்குச் சொல்லியிருப்பார்க்கா," என்று கல்லாப்பெட்டியைத் துடைக்கப் போய்விட்டான். அக்கா சொல்லி அவன் நம்பப் போவதில்லை. கேப்டன் வாயாலேயே வர வேண்டும். கெஞ்சிக் கேட்டால் வருமா? வராது. பட்டால்தான் வரும். படவைப்பது என்று அக்கா முடிவு செய்தாள்.

அடுத்த வாரம் கூட்டம் அவள் கடையில் கூடியது. போன வருஷம் போகாவிட்டாலும் அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். தோல் வெட்டும் மேஜையில் வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் கத்தரிக்கோல், சுத்தி, பசை டப்பா, நூல்கண்டு என்று வைத்தாள். கேப்டன், கணக்கு வாத்தியார், ஃபிரிட்ஜ் மெக்கானிக் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"இந்த வருஷம் ரூட்டு நான் போடுறேன்," என்றாள் அக்கா. "ஏரி வரைக்கும் தார் ரோடு. வெண்ணெய் மாதிரி போகும். ஏரியைச் சுத்தி ஏறினா ரெண்டு பக்கமும் பள்ளத்தாக்கு தெரியும். அதுக்கு மேல கொஞ்ச தூரம் சரளை. மறுபடி தார். உச்சியில ஒரு டீக்கடை இருக்கு."

"சரளையா?" என்று வாத்தியார் முகம் சுளித்தார்.

"கொஞ்ச தூரந்தான் சார். டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு, பிரேக்கைச் சும்மா சும்மா பிடிக்காம போனா ஒண்ணும் ஆகாது."

அந்த ரோட்டை அவள் ஒரு விடுமுறை நாளில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். தார் முடிகிற இடத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் சரளைதான். வலப்பக்கம் ஒடுக்கமாக ஏறி, ஒரு வளைவு தாண்டியதும் மறுபடி தாராகும். இடப்பக்கம், ஒரு காலத்தில் லாரிகள் போய்வந்ததால், நல்ல அகலம். அது மூடிக்கிடக்கும் கல்குவாரிக்குள் இறங்கி முடிந்துவிடும். பள்ளம் கிடையாது, உயிருக்கு ஆபத்து கிடையாது. ஆனால் கேப்டனுடைய யானைக் கனமுள்ள வண்டி உதிரிக்கல்லில் ஒரு தடவையாவது சாயும், திரும்ப ஏற்றுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். அவரைச் சாகடிக்க அக்காவுக்கு ஆசையில்லை. செத்தவன் வாயைத் திறக்க மாட்டானே.

"முன்னாடி நான் போறேன்," என்றார் கேப்டன், வழக்கம்போல.

"முன்னாடி யார் வேணா போலாம் கேப்டன். சரளை ரோட்டுல யாராவது விழுந்தா தூக்கிவிட கடைசியில அனுபவசாலி வேணும். இந்தக் கூட்டத்துல வேற யார் இருக்கா?"

வாத்தியாரும் மெக்கானிக்கும் தங்களைத்தான் விழப்போகிறவர்கள் என்கிறாளா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேப்டனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. புகழ்ச்சியை அவர் தன் கடை இருமல் மருந்து மாதிரி, அளவு பார்க்காமல் குடிப்பார்.

"அதுவும் சரிதான். அப்ப எனக்கு முன்னாடி யாரு?"

"நான்," என்றாள் அக்கா. "தம்பியைப் பின்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டு வரேன்."

தம்பி வர மறுத்தான். அவனைக் கிளப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஓட்ட வேண்டாம், சும்மா உட்கார்ந்து வா, தூங்கினாலும் நான் பெல்ட்டால் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் ஏற்றினாள்.

பயண நாளில் வெயில் இதமாக இருந்தது. ஏரிக்கரைத் தார் ரோடு அவள் சொன்னபடியே வெண்ணெய்தான். ஒவ்வொரு பிரிவிலும் அவள் காலை ஊன்றி நின்றாள், கேப்டனின் விளக்கு தெரிந்ததும் கையைக் காட்டினாள். அவர் நன்றாகப் பழகட்டும் என்று அப்படி நின்றாள். கேப்டன் இரண்டு இடத்தில் போட்டோ எடுக்க இறங்கிப் பின்தங்கினார். அதுவும் அவளுக்கு வசதிதான்.

தார் முடிந்தது. எதிரே வாத்தியார் நின்று, வலப்பக்கம் கையைக் காட்டிவிட்டு ஏறினார். அவள் அந்த இடத்துக்கு வந்து, வேகத்தைக் குறைக்காமல் வலப்பக்கம் திருப்பினாள்.

தம்பி அவள் தோளைத் தட்டினான். "அக்கா, நில்லு. பிரியுது இங்க."

"தெரியும்."

"கேப்டன் பின்னாடி வரார்க்கா. நிக்கணும்."

"கால் தரையில படக்கூடாதுடா," என்றாள் அக்கா. ஆக்சிலேட்டரைக் குறைக்கவில்லை. தம்பி திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

உச்சி டீக்கடையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். கேப்டன் எங்கே என்று மெக்கானிக் கேட்டார். போட்டோ எடுப்பார் என்றாள் அக்கா. டீ ஆறியது. இன்னொரு டீ வந்து அதுவும் ஆறியது. தம்பி மட்டும் கீழே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது.

கேப்டன் தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் தூசு. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. முழங்கையில் சிராய்ப்பு. இறங்கியவர் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் அக்காவிடம் வந்தார்.

"ஏன்மா நிக்கல?"

"நின்னேனே," என்றாள் அக்கா. "கையும் காட்டினேன்."

"பொய் சொல்லாதீங்க. அங்க ஆளே இல்ல. ஆள் இல்லைன்னா அகலமான ரோட்டுல போகணும்னுதானே நம்ம சட்டம்? போனேன். நேரா குவாரி. வண்டியைத் தூக்குறதுக்குள்ள இடுப்பு போச்சு."

"தூங்கி வழிஞ்சிருப்பீங்க கேப்டன். விடிகாலையில எந்திரிச்சது."

"யார் தூங்கினா? கண்ணை நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். ரெண்டு ரோடும் சரளைதான். முன்னாடி போறவ நிக்காம போயிட்டா, பின்னாடி வர்றவன் எவனா இருந்தாலும் அந்தப் பக்கந்தான் போவான். இதுல தூக்கம் எங்க வந்துச்சு?"

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. வாத்தியார் டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். மெக்கானிக் தம்பியைப் பார்த்தார். கேப்டனும் தம்பியைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டார்.

"போன வருஷம் ஒரே மூச்சுன்னு சொன்னீங்களே," என்றாள் அக்கா. "கால் தரையில படவே இல்லைன்னு. இவனுக்காக எந்தக் காலை ஊன்றி நின்னீங்க?"

கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றினார். தூசு படிந்த உதட்டைத் துடைத்தபடி, "வெளிச்சம் போயிரும்னு பார்த்தேன்," என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அக்காவுக்கு மனசு குளிர்ந்துபோனது. இன்னும் ஒரு தடவை இதைச் செய்யச் சொன்னாலும் செய்வாள். அவள் தம்பி பக்கம் திரும்பினாள். அவன் அழுவான் என்று நினைத்தாள், அல்லது கேப்டனை அடிப்பான் என்று நினைத்தாள். அவன் தன் வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் தூங்கல," என்றான்.

"இல்லடா."

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஆமாடா."

அவன் எழுந்து, அவளிடம் கையை நீட்டினான். "சாவியைக் குடு. இறங்கும்போது நான் ஓட்டுறேன்."

அக்கா கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறினாள். கேப்டன் கடைசியில் நொண்டியபடி தன் வண்டியை நோக்கிப் போனார். அவருக்குக் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னாள்: "சீட்டு கிழிஞ்சிருந்தா கடைக்குக் கொண்டு வாங்க கேப்டன். பேசிக்கிட்டே தைக்கலாம்."