குதிரைப் பக்கத்தில் பெரில்

புறாக்களுக்கு விஷம் வைத்தவள் நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்று நாலாம் வருஷக் கோடையில் எங்கள் ஊர் ஓக்கன்ஷாவில் அதைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் கிடைக்கவில்லை.

விஷம் வைத்தவள் பேரும் பெரில் என்ட்விஸில்தான். டக்வர்த் தெருக் கிழவி, வயது அறுபத்தொன்று, யாரோடும் ஒட்டாதவள். பக்கத்து வீட்டுக்காரரின் பந்தயப் புறாக்கள் தன் துணிக்கொடியில் எச்சமிடுகின்றன என்று பட்டாணியில் எலி மருந்தைக் கலந்து வைத்துவிட்டாள். கோர்ட்டில் ஒப்புக்கொண்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் ‘டெய்லி விசில்’ அதை ஐந்தாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது: ‘புறாக்கொல்லி பெரில்!’ தலைப்பு அவ்வளவு பெரிதாகிவிட்டதால் கீழே இடம் பற்றவில்லை. வயதையும் தெருவையும் வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது ‘ஓக்கன்ஷா பெரில் என்ட்விஸில்’ மட்டும்தான். ஓக்கன்ஷாவில் பெரில் என்றால் யார்? மில் தெருவில் பலகை மாட்டி, பாதி ஊர்ப் பெண்களுக்கு முடி சுருட்டிவிடும் நான்தான்.

எங்கள் ஊர் ஆண்கள் பெண்டாட்டி பிறந்தநாளை மறப்பார்கள், புறா பிறந்தநாளை மறக்க மாட்டார்கள். அவர்களுடைய மனைவிமார்தான் என் வாடிக்கை. ஒரே வாரத்தில் கடை காலி. என் சினேகிதி வின்னி கிளெக் கூட வரவில்லை. அவள் கல்யாணத்துக்குத் தலை அலங்காரம் செய்தவள் நான். அவளோ எதிர்த் தெருக் கடைக்குப் போகிற வழியில், என் கண்ணாடி ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். மற்றவர்கள் போனது வயிற்றில் அடித்தது. வின்னி போனது நெஞ்சில் அடித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், விசிலின் முதலாளிக்கே சொந்தமான இன்னொரு பேப்பர், ‘தி மெரிடியன்’, அதே செய்தியைச் சரியாகவே போட்டிருந்தது. விரித்தால் படுக்கை விரிப்பு அளவுக்கு வரும் பேப்பர் அது. பதினோராம் பக்க மூலையில் இரண்டே வாக்கியம், வயதும் தெருவும் சுத்தமாக. எங்கள் ஊரில் அதை வாங்குவது டாக்டரும் பாதிரியாரும்தான். டாக்டருக்கு வழுக்கை, பாதிரியாருக்கு ஊர்வம்பு ஆகாது. உண்மை அச்சாகித்தான் இருந்தது, படிக்கத்தான் நாதியில்லை.

புகார் கொடுத்தேன். டிவியில் தப்பாகச் சொன்னால் சட்டம் வந்து காதைத் திருகும். பேப்பருக்கு அப்படிக் கிடையாது. பேப்பர்காரர்களே ஒரு குழு வைத்துக்கொண்டு, அவர்களே விதியும் எழுதி வைத்திருக்கிறார்கள். தப்பு வந்தால் ‘உரிய முக்கியத்துவத்துடன்’ திருத்தம் போட வேண்டும் என்பது விதி. முதலில் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது குழு. பேசத்தானே தெரியும் எனக்கு? லண்டனுக்கு ரயில் ஏறினேன்.

இரண்டு பேப்பருக்கும் ஒரே கட்டடம். மூன்றாம் மாடியில் விசில். தொலைபேசிச் சத்தமும் பொரித்த பன்றி இறைச்சி வாசனையுமாகச் சந்தைக்கடை மாதிரி இருந்தது. ஐந்தாம் மாடியில் மெரிடியன், அங்கே கார்ப்பெட் போட்டிருக்கிறதாம். விசில் ஆசிரியர் டெர்ரி கிளாசப் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். எனக்காகவே மேலிருந்து மெரிடியன் ஆசிரியர் ஹியூகோ பெவரெலும் இறங்கி வந்திருந்தார். கோட்டும் சூட்டுமாக, அளந்து அளந்து பேசுகிற மனிதர்.

“தப்பு எங்க மேலதான் மேடம்,” என்றார் டெர்ரி. “இருபத்தாறாம் பக்கத்துல ரெண்டு வரி போட்டுடறேன்.”

“என்னைப் புதைக்கிறப்போ அவ்ளோ பெரிய கல்லறை, எழுப்புறப்போ எலி வளையா?”

ஹியூகோ தொண்டையைச் செருமினார். “அம்மா, நான் முதலாளிகிட்ட பேசிட்டேன். மெரிடியன்ல மூணாம் பக்கம், உங்க போட்டோவோட பெருசா போடறோம். எவ்வளவு பெரிய கௌரவம் தெரியுமா அது?”

“உங்க பேப்பர்லதான் தப்பே வரலியே ஐயா. வராத தப்புக்கு எதுக்குத் திருத்தம்?”

அவர் தன் ஷூவைப் பார்த்தார். டெர்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முதலாளி விசில் படிக்க மாட்டார் மேடம். அவரோட விருந்து சாப்பிடுற பிரபுக்கள் மெரிடியன்தான் படிப்பாங்க. அதுல மன்னிப்புக் கேட்டா பெரிய மனுஷன்னு பேரு. இங்க கேட்டா எதிர் பேப்பர்காரன் கைகொட்டிச் சிரிப்பான்.”

“சரி தம்பி, ரெண்டுல சம்பாதிக்கிறது எது?”

“விசில்தான். மேல கார்ப்பெட் போட்டதே எங்க காசுலதான்.”

“டெர்ரி!” என்றார் ஹியூகோ.

“இருங்க ஐயா,” என்றேன். “விதில ‘உரிய முக்கியத்துவம்’னு இருக்கே, அதை எழுதினது யாரு?”

“குழுதான். நானும் அதுல இருந்தேன்.”

“நல்லதாப் போச்சு. ‘உரிய’ன்னா என்ன?”

“அது சூழ்நிலையைப் பொறுத்தது.”

“அப்போ என் சூழ்நிலையைக் கேளுங்க. எங்க ஊர்ல உங்க பேப்பரை வாங்குறது ரெண்டு பேரு. அவங்க ரெண்டு பேருமே என்னைச் சந்தேகப்படல.”

டெர்ரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “விசில்லயே முதல் பக்கம் கேக்கப் போறீங்களா மேடம்? என் வேலை போயிடும்.”

“முதல் பக்கம் யாருக்கு வேணும்? சனிக்கிழமை குதிரைப் பந்தயப் பக்கம் குடுங்க. கால் பக்கத்துக்குக் குறையக்கூடாது.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ பைத்தியம் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறது என்று நினைத்திருப்பார்கள். குதிரைப் பக்கம் இருப்பது பேப்பரின் கடைசியில், முதல் பக்கம் மாதிரி அது முதலாளி கண்ணில் தற்செயலாகக்கூடப் படாது. ஆனால் எங்கள் ஊரில் பேப்பரே பின்னாலிருந்துதான் தொடங்கும். சனிக்கிழமை காலையில் ஒவ்வொரு புறாக்காரனும் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு குதிரைப் பக்கத்தை ஜெபப் புத்தகம் மாதிரி படிப்பான். ஐந்தாம் பக்கம் வரை வருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.

டெர்ரி உற்சாகமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். “பேரு பெரில் என்ட்விஸில். மில் தெரு. வயசு?”



ஊரில் என் வயது நாற்பத்திரண்டு. ரொம்ப வருஷமாக நாற்பத்திரண்டு. முடிச்சாயமும் நானே போட்டுக்கொள்வதால் ஊரும் மரியாதையாக நம்பிக்கொண்டிருந்தது.

“வயசு அவசியமா தம்பி?”

“அதை வெட்டினதாலதானே மேடம் இவ்ளோ வம்பும்?”

கொலைகாரி என்ற பேரைத் துடைக்கக் கிழவி என்ற பேரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆற அமர யோசித்திருந்தால் ரயிலேறித் திரும்பியிருப்பேன். நல்லவேளை, வின்னி ஜன்னலைத் தாண்டிப் போன நடை கண்ணில் வந்து நின்றது.

“அம்பத்துமூணு.”

டெர்ரி நிமிர்ந்தார். “நம்ப முடியலையே!”

“அடிங்க தம்பி. மனசு மாறிடும்.”

சனிக்கிழமை வந்தது. ‘நம்ம பெரில் நல்ல பெரில்!’ என்று தலைப்பு. கீழே, மூன்றரை மணிப் பந்தயத்துக்குப் பக்கத்திலேயே, ‘பெரில் என்ட்விஸில், 53, மில் தெரு’ என்று மன்னிப்பு. நான் பெருக்கிய தரையையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தேன்.

பத்து மணி வாக்கில் கதவு மணி அடித்தது. வின்னி. கக்கத்தில் குதிரைப் பக்கம் வெளியே தெரிய மடித்த விசில். அவள் புருஷன் பென்சிலால் இரண்டு குதிரைகளையும் என் பேரையும் சுழித்திருந்தான். அவள் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“அம்பத்துமூணாடி?”

“ஆமா.”

“நீ விஷம் வெச்சேன்னு சொன்னப்போ உடனே நம்பிட்டேன். இதை மட்டும் நம்ப முடியலடி பெரில்.”

அதுதான் அவள் கேட்ட மன்னிப்பு. வேறு விதமாக அவளுக்குக் கேட்கத் தெரியாது. அவள் தலைக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன், சந்தோஷமும் கோபமும் சேர்ந்துதான் வந்தன. பிறகு அவள் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டி, தலையைத் தொட்டியில் சாய்த்து, பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தேன்.

“ஐயோ, ஜில்லுன்னு இருக்குடி!” என்று துள்ளினாள்.

“உரிய குளிர்தான்,” என்றேன். “ஆடாம உக்காரு.”