பீலிக்கு மேலே கவிழ்த்தது

1

இந்தக் கதை ஒரு பொய்க்காகத்தான் பிறந்தது. நிவித்திகலைக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லாரும் குடிப்பது ஒரே பீலியில். மலை ஊற்றிலிருந்து குழாயில் இழுத்துவிட்ட தண்ணீர். போன வாரம் அதன் கீழே பாசி வெளுத்தது. யார் வேலை என்று பேச்சு எழுந்ததும், பழியை எங்கள் வாசலுக்கு வெளியே வைக்கக் கதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘கரவனெல்லையில் ஒருவர் தம் கூரையில் சோலார் பூட்டி…’

(கரவனெல்லையில் எனக்கு உறவு யாருமில்லை. அதனால்தான் அந்த ஊர். அடித்துவிட்டேன்.)

2

சோலார் பூட்டியவன் என் மகன் சுதாகரன். (பெயரை மாற்றவேண்டும். பிறகு.) பகல் வெயிலைப் பேட்டரியில் சேர்த்து இரவில் எங்கள் விளக்கும் விசிறியும் ஓடின. லயத்தில் முதல் வீடு என்று எனக்குப் பெருமைதான். வெயிலுக்குப் புகையில்லை. ஆனால் அதைச் சேர்த்துவைக்கும் பெட்டிக்குள் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. பெட்டி எவ்வளவு காலம் உழைக்கிறது, செத்தபின் எங்கே போகிறது என்று பார்த்த பிறகல்லவா சுத்தம் என்று…

(கட்டுரையாகிறது. விடுகிறேன்.)

3

பேட்டரியில் நீர் வற்றினால் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் ஊற்றவேண்டும். சுதாகரன் பீலித் தண்ணீரை ஊற்றினான். மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு முதல் குடம் எடுப்பது அந்தப் பீலியில்; எடுக்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு.

“சாமிக்கே ஆகுற தண்ணி, பேட்டரிக்கு ஆகாதா?” என்றான்.

“சாமிக்குள்ள ஈயத் தகடு இல்லைங்க,” என்றாள் அவன் மனைவி பிரேமலதா.

ஊற்று நீரின் உப்பு தகடுகளைக் கெடுத்தது. ஆண்டுக்கணக்கில் உழைக்கவேண்டியது மாதங்களில் செத்தது. விற்கத் தூக்கிப்போகக் கனம் என்று, உள்ளே இருந்ததைப் பீலிக்கு மேலேயுள்ள வடிகானில் கவிழ்த்தான். மழை பெய்தது.

4

பக்கத்து வீட்டு விஜயகலா வந்தாள்.

“செடிக்கு மருந்தடிக்கிறவனுங்க வேலைதான் பெரியப்பா. புள்ள வாய் கழுவினா எரியுதுங்குறா. தோட்டத்துத் தொரகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு அவருக்குத் தெரியும்.”

“பார்ப்போம்,” என்றேன்.

(அன்று முதல் எங்கள் வீட்டுக்கு மட்டும் கீழ் லயத்தின் வேறு ஊற்றிலிருந்து தண்ணீர். இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.)

முடிவு, ஒன்று: மழை எல்லாவற்றையும் கழுவிவிடுகிறது. (ஈயம் அப்படிப் போகாது.)

முடிவு, இரண்டு: நான் சொல்லிவிடுகிறேன். திருவிழாவன்று முதல் குடத்தை இன்னொரு குடும்பம் தூக்க, நான் கூட்டத்தோடு கூட்டமாக…

(இந்த வாக்கியத்தை முடிக்க என் கை வரவில்லை.)

5

இதுவரை எழுதியதைப் பிரேமலதா வாசித்தாள்.

“எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க மாமா. ஆனா இத வாசிக்கிறவங்க நம்ம பீலியில குடிக்கிறதில்லையே.”

தாள்களை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போனாள். “விஜயகலாக்கா, கொடத்தக் கீழ வைங்க. ஒண்ணு சொல்லணும்.”

நான் ஒரு முறை இருமினால் போதும், நிறுத்திவிடுவாள். இந்த வீட்டில் எனக்கு அந்த மரியாதை இன்னும் இருக்கிறது. இருமல் தொண்டை வரை வந்து நிற்கிறது.

களைத்துவிட்டேன். இனி எழுதினால் என் வீட்டுக்குச் சாதகமாகவே எழுதுவேன். இருமினேனா இல்லையா என்பதை, அந்தப் பீலியில் குடிக்கும் பிள்ளை உங்கள் பிள்ளையாக இருந்தால் எப்படி எழுதுவீர்களோ, அப்படி எழுதிக்கொள்ளுங்கள்.