கரையேறாதவர்

துறைமுக வாய்க்கு வெளியே ஒரு படகு மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் நின்றது. அதில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். நங்கூரம் கிடையாது, புயலிலும் ஆடுமே தவிர இடம் நகர்ந்ததில்லை. வருகிற படகு அவரை இடப்பக்கம் விட்டுத் திரும்பினால் பாறையில் மோதாது என்பதால் யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. போகிறவர்களிடம் மீன் விலை கேட்பார். சொன்னால் "அடேயப்பா" என்பார். அவ்வளவுதான் பழக்கம்.

ஐஸ் ஆலையில் கட்டி உடைக்கும் இயந்திரத்தை ஓட்டிய ஐஸ்காரிக்கு அவரை நினைக்க நேரமில்லை. ஐம்பதைத் தொட்டிருந்தாள், கல்யாணம் ஆகவில்லை. "உன்ன மட்டும் கரையேத்தாம போறேனே" என்று சொல்லித்தான் அப்பா கண்ணை மூடினார். அம்மாவும் போனபிறகு வீட்டில் இருந்த இரண்டு தம்ளர்களில் ஒன்று கவிழ்த்தே கிடந்தது. தனக்குக் கீழே வாரிசென்று யாரும் இல்லாதவள் மேலே, முன்னோர்களைத் தேடத் தொடங்கினாள். வேலை விட்டதும் கடலோரத் தெருக்களில் தூரத்து உறவென்று சொல்லப்பட்ட கதவுகளையெல்லாம் தட்டினாள். பாதிப் பேர், தாங்கள் வீட்டில் இல்லை என்று உள்ளிருந்தே தாங்களே சொன்னார்கள். மீதிப் பேரைப் பிடித்து ஏறியதில், கொள்ளுத்தாத்தாவோடு நூல் அறுந்தது. அவர் கரையேறவே இல்லை என்றார்கள் எல்லோரும். பாவம், பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவளும் எடுத்துக்கொண்டாள். எப்போது செத்தார் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒன்றுவிட்ட அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடி மக்கு, கரையேறலன்னா கரையேறலன்னுதான் அர்த்தம். வீட்டுப் பொண்ணுங்க எல்லாரையும் கரையேத்தாம நான் கரையேற மாட்டேன்னு படகுல போய் உக்காந்தவரு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தாங்க. அப்புறம் சொல்றவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க. மிச்சம் நீ ஒருத்திதாண்டி."

மறுநாள் ஐஸ் ஏற்றிப்போன படகில் தொற்றிக்கொண்டாள். எல்லாரையும் கரையேற்றியாச்சு என்று ஒரு பொய்யை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். கிட்டே போனதும்தான் உறைத்தது. தம்பி வயதுக்காரரைத் தாத்தா என்று எப்படிக் கூப்பிடுவது? அவரே முந்திக்கொண்டார்.

"என்னக்கா, இன்னிக்கு என்ன விலை?"

"விலை கிடக்கட்டும். நான் உங்க பேரனோட மக."

அவர் முகம் மாறியது. வெகுகாலமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டார். "எல்லாரையும் கரையேத்தியாச்சா?"

பொய் வரவில்லை. "என்னைய யாரும் கரையேத்தல தாத்தா. நான் பொறந்ததுலேர்ந்து கரையிலதான் இருக்கேன். வீடு இருக்கு, வேலை இருக்கு. பேச்சுத்துணைக்குத்தான் ஆளில்ல."

ஐஸ் உருகுகிறது என்று படகோட்டி முணுமுணுக்கும் வரை அவர் யோசித்தார். பிறகு துடுப்பை எடுத்தார்.

துறைமுகக்காரர்கள் அந்த இடத்தில் ஒரு சிவப்பு மிதவையைப் போட்டார்கள். அது விலை கேட்பதில்லை என்று கொஞ்ச நாள் படகோட்டிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள், பிறகு பழகிவிட்டது. வயது கரையில்தான் ஏறும் போலிருக்கிறது. வந்த வாரமே அவருக்குக் காதோரம் நரைத்தது. ஆடாத இடத்தில் அவருக்குத் தூக்கம் வராது. ஐஸ்காரி பழைய வலையில் ஓர் ஊஞ்சல் கட்டினாள். மத்தியானம் ஆலையிலிருந்து வந்ததும் அதைக் காலால் ஆட்டியபடி அன்றைய மீன் விலையை ஒவ்வொன்றாகச் சொல்வாள். "அடேயப்பா" என்பார், தூங்கிப்போவார். அதற்குப் பிறகும் அவள் கொஞ்ச நேரம் விலை சொல்லிக்கொண்டே இருப்பாள்.